உங்க கிணத்துக்கு எப்ப டெஸ்ட்?

செமஸ்டர் முடிஞ்சாச்சா? அரியர் கணக்கை அப்புறம் பாத்துக்கலாம். பையில ஒரு தண்ணி பாட்டிலைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. இந்த வாரம் நாம போகப்போற ஊர் பனமலை.

'அது எங்க பாஸ் இருக்கு?'ன்னு கேட்கிறவங்களுக்கு... விழுப்புரத்திலிருந்து இருபது, இருபத்தஞ்சு கிலோமீட்டர் தூரம், அன்னியூர் பக்கம். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியா வர்றவங்க செஞ்சிக்குப் போய், அனந்தபுரம் ரூட்டைப் பிடிக்கலாம். செஞ்சிக் கோட்டைக்கு வேன் வேனா வர்ற கூட்டத்துல பாதிப் பேருக்கு இப்படியொரு குன்று பக்கத்துல இருக்கிறதே தெரியாது. நமக்கு நல்லதுதான், தள்ளுமுள்ளு இல்லை!

குன்று சின்னதுதான். மூச்சு வாங்குறதுக்குள்ள மேலே வந்துடலாம். மேலே தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சி கைலாசநாதரையும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் கட்டின அதே ராஜசிம்ம பல்லவன், ஏறக்குறைய 1300 வருஷத்துக்கு முன்னால கட்டினது. 'தாளம்'னா பனை, 'கிரி'ன்னா மலை. பேரே பனமலை!

இங்கே அவசியம் பார்க்க வேண்டியது ஒரு சுவரோவியம். தலைக்கு மேலே குடை, ஒரு காலை மடிச்சு நிக்கிற தேவி. எதிரே ஆடுற சிவனை அவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க. சிவன் பெரும்பாலும் அழிஞ்சு போயிட்டார். பார்க்கிற அந்த முகம் மட்டும் மிச்சம் இருக்கு. ப்ளீஸ்... கையால தொடாதீங்க. பேரெல்லாம் எழுதாதீங்க.

அப்படியே திரும்பிக் கீழே பாருங்க. கண்ணுக்கு எட்டுற தூரம் வரை பனமலை ஏரி. திருவண்ணாமலைப் பக்கம் கீரனூர் அணைக்கட்டில் புறப்படுற நந்தன் கால்வாய், முப்பது கிலோமீட்டருக்கு மேல ஓடி, வழியில இருக்கிற ஏரிகளை எல்லாம் நனைச்சுக்கிட்டு, கடைசியில இந்த ஏரியில வந்து முடியுது. ஏரி நிறைஞ்சா சுத்தியிருக்கிற கிணறுகளும் ஊறும். அதாவது, இங்கே ஒரு கிணத்துல இருக்கிற தண்ணி அந்தக் கிணத்துக்காரரோட நிலத்துல பெய்ஞ்ச மழை மட்டும் இல்லை. எங்கேயோ பெய்ஞ்சு, எதை எதையோ தொட்டு, மண்ணுக்கடியில நடந்து வந்த தண்ணி.

இதை மனசுல வெச்சுக்கிட்டுக் கீழே இறங்குங்க. வயக்காட்டு ஓரத்துல ஒரு கிணறு. மோட்டார் ஓடுது. குடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அக்கா.

"குடிக்கவும் இதே தண்ணிதானாக்கா?"

"இதேதான் தம்பி. குடிச்சுப் பாரு, இனிக்கும்."

"எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"தண்ணிக்கு என்ன தம்பி டெஸ்ட்டு? நாக்குல வெச்சா தெரியாதா?"

அந்தக் கேள்விதான் நம்மளோட இந்த வார சப்ஜெக்ட். நாக்குல வெச்சா எவ்வளவு தெரியும்?

உப்புன்னா தெரியும். இரும்புன்னா வாயில துரு அடிக்கும். ஆனா நைட்ரேட்? வயலுக்குப் போடுற உரத்துல இருந்தும், செப்டிக் டேங்க்ல இருந்தும் இறங்குற இதுக்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டினா குடிக்க லாயக்கில்லைன்னு ஐ.எஸ். 10500 என்கிற நம்ம இந்திய குடிநீர்த் தர அளவு சொல்லுது. அதிகமானா ஆபத்து கைக்குழந்தைக்குத்தான். பால் பவுடரைக் கலக்கிற தண்ணியிலேயே உள்ளே போயிடும். பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃப்ளோரைடும் அப்படித்தான், நாக்குக்குச் சிக்காது.

சரி, கண்ணு? சில நேரம் கண்ணு காட்டிக் கொடுக்கும். ராணிப்பேட்டையில 1995-ல மூடின குரோமியத் தொழிற்சாலை விட்டுட்டுப் போன கழிவு மலை மாதிரி கிடந்து, சுத்துவட்டார நிலத்தடி நீரே மஞ்சளா மாறிச்சு. மஞ்சளைப் பார்த்தா யாரும் குடிக்க மாட்டாங்க. ஆனா கண்ணுக்கு மஞ்சள் தெரியறதுக்கு முன்னாடியே குரோமியம் அளவு தாண்டியிருக்கும்.

மூக்கு? அதுக்குப் பனமலையிலிருந்து பனை நிறைஞ்ச இன்னொரு தமிழ் பூமிக்குப் போகணும். யாழ்ப்பாணம். அங்கே வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. அடியில சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லோட இடுக்குல தேங்குற மழைத் தண்ணிதான் வீட்டு வீட்டுக்குக் கிணறு. பலாலி ராணுவ விமானத் தளத்துக்குத் தெற்கே இருக்கு சுன்னாகம். அங்கே டீசலில் ஓடுற மின்நிலையம். பக்கத்து வீட்டுக் கிணறுகள்ல எண்ணெய் வாடை. மேலே பளபளன்னு ஒரு படலம்.

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, 2013 கடைசியிலிருந்து 2014 வரை சுத்துவட்டாரத்துல 150 கிணறுகளைப் பரிசோதிச்சுது. 109 கிணறுகள்ல எண்ணெய், அங்கே அனுமதிச்ச அளவான லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. ஜனங்க பவுசர் வண்டித் தண்ணிக்குக் குடத்தோட வரிசையில நின்னாங்க. நடுவுல வட மாகாண சபை அமைச்ச நிபுணர் குழு, பயப்படற மாதிரி நச்சு இல்லைங்கிற பக்கம் பேசிச்சு. எந்தப் பேப்பரை நம்புறது? கைக்குழந்தை வெச்சிருக்கிற அம்மா எந்தத் தண்ணியில பால் கலக்குறது?

வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2019 ஏப்ரல்ல தீர்ப்பு. மின்நிலையத்தை நடத்தின நார்தர்ன் பவர் கம்பெனி, பாதிக்கப்பட்ட கிணத்துக்காரங்களுக்காக 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்கணும்னு உத்தரவு. அந்த வழக்குல ஜனங்களுக்குக் கை கொடுத்தது எது தெரியுமா? 'வாடை அடிச்சுது சார்'ங்கிற வாய்வார்த்தை இல்லை. கிணறு வாரியா, தேதி வாரியா எழுதி வெச்ச டெஸ்ட் ரிசல்ட்டுகள்.

நாக்கு, கண்ணு, மூக்கு மூணும் ஃபெயில் ஆகுற இடமும் ஒண்ணு இருக்கு. ராணுவ முகாம்கள்.

விமானம் இறங்குற தளத்துல எரிபொருள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது. அதுக்குன்னே ஒரு நுரை இருக்கு. 1960-கள்ல அமெரிக்கக் கடற்படை சேர்ந்து உருவாக்கினது. தீயணைப்புப் பயிற்சின்னு வருஷக்கணக்கா அடிச்சாங்க. நுரை மண்ணுல இறங்கிச்சு. அதுல இருக்கிற பி.எஃப்.ஏ.எஸ். வகை கெமிக்கல்கள்ல கார்பனும் ஃப்ளோரினும் பிடிச்சுக்கிட்ட பிடி லேசுல விடாது. வெயில், மழை, பாக்டீரியா எதுக்கும் மசியாது. முகாமோட வேலி மனுஷங்களுக்குத்தான், நிலத்தடி நீருக்கு வேலி ஏது? பக்கத்து வீட்டுக் கிணத்துக்கு வந்துடுச்சு. அமெரிக்காவுல இப்ப ராணுவமே முகாம்களைச் சுத்தியிருக்கிற தனியார் கிணறுகளைச் சோதிச்சுக்கிட்டு இருக்கு. ஜப்பான்ல ஒகினாவா தீவுல, கடேனா விமானத் தளத்தைச் சுத்தியிருக்கிற குடிநீர் ஆதாரங்கள்ல இது இருக்குன்னு 2016-ல வெளியே வந்தது.

எவ்வளவு இருந்தா ஆபத்து? இதுல முக்கியமான ரெண்டு கெமிக்கலுக்கு, ஒவ்வொண்ணும் லிட்டருக்கு 4 நானோகிராம்தான் உச்ச அளவுன்னு அமெரிக்கா 2024 ஏப்ரல்ல நிர்ணயிச்சுது. கால்குலேட்டரை எடுங்க. ஒரே ஒரு கிராம், 25 கோடி லிட்டர் தண்ணியைக் கெடுக்கப் போதும். 12,000 லிட்டர் டேங்கர் லாரின்னா, சுமார் 20 ஆயிரம் லாரி! இதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்?

இன்னொரு கதை இதைவிட முக்கியம். அமெரிக்காவுல கேம்ப் லெஜூன்னு ஒரு கடற்படை வீரர் முகாம். 1980-ல அங்கே குடிநீரை டெஸ்ட் பண்ணினது, குளோரின் போடறதால உண்டாகுற பொருள் இருக்கான்னு பார்க்கத்தான். ஆய்வகத்துக்காரர், 'வேற ஏதோ கெமிக்கல் குறுக்கே வருது'ன்னு ரிப்போர்ட்லயே எழுதினார். அது மெஷின் பாகங்களையும் துணியையும் சுத்தம் பண்ற கரைப்பான்கள்னு 1982-ல தெரிஞ்சுது. மோசமான கிணறுகளை மூடினது 1984 கடைசியிலயும் 1985-லயும். கெட்ட தண்ணி ஓடினது 1953-லிருந்து 1987 வரைன்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க. பாதிக்கப்பட்டவங்க கோர்ட்டுக்குப் போக வழி செய்ற சட்டம் 2022-லதான் வந்தது.

இதுல நமக்கு என்ன பாடம்? டெஸ்ட்டுங்கிறது நம்ம வைவா மாதிரி. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். கேட்காத கேள்விக்குத் தண்ணி தானா வாயைத் திறக்காது. 'ரிப்போர்ட் ஓ.கே.'ன்னு யாராவது சொன்னா, 'எதுக்கெல்லாம் பார்த்தீங்க?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

பனமலையில ராணுவ முகாமும் கிடையாது. இந்தச் சுத்துவட்டாரத்துல அப்படிச் சொல்லிக்க இருக்கிறது உளுந்தூர்பேட்டைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துல போட்ட பழைய ஓடுதளம்தான். அதனால யாரும் பதற வேண்டாம். ஆனா ஒரு விஷயத்துல வட கரோலினாக் கிணறும் வயக்காட்டுக் கிணறும் ஒண்ணு. ஊர்க் குழாயில வர்ற தண்ணிக்கு அரசாங்கம் பொறுப்பு. அமெரிக்காவோட 1974-ம் வருஷத்துக் குடிநீர்ச் சட்டம்கூடத் தனியார் வீட்டுக் கிணறுகளைச் சேர்த்துக்கலை. சொந்தக் கிணத்துக்குச் சொந்தக்காரர்தான் இன்ஸ்பெக்டர். அவர் சோதிக்கலைன்னா வேற யாரும் வந்து சோதிக்கப் போறதில்லை.

அப்ப யார் செய்யறது? நாமதான்! எந்த பிராஞ்சா இருந்தாலும் என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பரைத் தாண்டித்தானே வந்திருக்கோம். மார்க் வாங்கினது போதும், இப்ப வேலையில இறக்குவோம்.

முதல்ல உங்க ஊராட்சியில விசாரிங்க. ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கள ஆய்வுப் பெட்டி தர்றாங்க. காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் நிறம் மாறுறதை வெச்சு அங்கேயே பார்த்துடலாம். கூடவே ஒரு சின்ன பாட்டில். தண்ணியை ஊத்தி ஒண்ணு ரெண்டு நாள் வெச்சா, சாக்கடைக் கிருமி இருந்தா கறுத்துடும்.

பெட்டியில சந்தேகம் வந்தா அடுத்தது ஆய்வகம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கு, விழுப்புரத்துலயும் இருக்கு. கட்டணம் கட்டி நாமளே தண்ணி கொடுத்து டெஸ்ட் பண்ணலாம்.

தண்ணி பிடிக்கிறதுலயும் டெக்னிக் இருக்கு. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பைப்புல தேங்கினது போனப்புறம் பிடிக்கணும். சாதாரண டெஸ்ட்டுக்கு அதே தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசணும். எண்ணெய் டெஸ்ட்டுன்னா அலசவே கூடாது, கண்ணாடி பாட்டில்தான். ஏன்னா எண்ணெய் சுவர்ல ஒட்டிக்கும், அலசினா ரிசல்ட் தப்பாகும். கிருமி டெஸ்ட்டுக்கு ஆய்வகத்துலயே சுத்தம் பண்ணின பாட்டிலை வாங்கி, ஐஸ்ல வெச்சு அன்னிக்கே சேர்க்கணும். மேலே கிணத்துப் பேர், தேதி, நேரம் எழுதணும்.

அதைவிட முக்கியம், என்ன டெஸ்ட் கேட்கிறதுன்னு முடிவு பண்றது. கிணத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு நடங்க. உரம் போடுற வயலா? நைட்ரேட் கேளுங்க. பெட்ரோல் பங்க், ஒர்க்‌ஷாப், ஜெனரேட்டரா? எண்ணெய் கேளுங்க. தோல், சாயப்பட்டறையா? குரோமியம் மாதிரி உலோகங்களைக் கேளுங்க. விமானத் தளமா, தீயணைப்புப் பயிற்சி நடக்கிற இடமா? பி.எஃப்.ஏ.எஸ். கேட்கணும். 2012-ல வந்த ஐ.எஸ். 10500 பட்டியல்ல அந்தப் பேர் இல்லை. அதனால யாரும் தானா பார்க்க மாட்டாங்க. அதுக்குன்னு நுட்பமான கருவி இருக்கிற ஆய்வகத்தைத்தான் தேடிப் போகணும்.

மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பின்னாடி ஒரு தடவை பார்த்தா இன்னும் நல்லது. ரிசல்ட் வந்ததும் ஃபைல்ல சொருகிடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டுங்க. அவர் கிணறு வேற, உங்க கிணறு வேறதான். அடியில ஓடுற தண்ணி ஒண்ணு.