கடல் இல்லாத தீவுகள்

பாம்பனில் பிறந்தவர்களுக்குத் தீவு விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எனக்கும்தான். பறவை பார்க்கிற பாலக்காட்டு நண்பர் ஒருவர், வடக்கே நீலகிரியையும் தெற்கே ஆனைமலையையும் காட்டி, "ரெண்டும் தீவுதான்" என்றபோது சிரித்துவிட்டேன். எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் நெல்வயலும் கரும்பனையும்.

அவர் விடவில்லை. நாங்கள் நின்றிருந்த பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். உச்சிச் சோலையின் குளிரில் மட்டுமே வாழும் சிரிப்பான் என்ற குருவிக்கு, இந்த வெக்கையான தரை படகில்லாத கடல் மாதிரி. தாண்டாது. அதனால் வடக்கே நீலகிரியில் உள்ளதற்கு மார்பு செம்பழுப்பு, தெற்கே உள்ளதற்குச் சாம்பல். வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து, 2017இல் இந்தச் சிரிப்பான்களுக்கென்றே ஒரு புதுப் பேரினம் வகுத்திருக்கிறார்கள்.

அந்தச் சாம்பல் மார்பைத் தேடித்தான் தெற்கே மூணாறுக்கு ஏறினேன். அங்கே பேர்போன வரையாட்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது மழை. ஒதுங்கியது ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தின் திண்ணையில்.

"நனையாதீங்க தம்பி, உள்ள வாங்க" என்றார் கொழுந்து கிள்ளிவிட்டு வந்திருந்த ஓர் அக்கா. மறுப்பதற்குள் தட்டு வந்துவிட்டது. சுடுசோறு, ரசம், நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. மூக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. "எந்த ஊர்க் கருவாடுக்கா?" என்றேன். "ராமேசுவரத்துச் சரக்குன்னு சொல்லித்தான் விக்கிறான்." ஐயாயிரம் அடி உயரத்தில் என் ஊரைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். "தனுஷ்கோடியில புயலோட ரயிலு போச்சே, அந்த ஊரா? எங்க ரயிலு அதுக்கு நாப்பது வருசம் முந்தி போச்சு!" நான் நம்பவில்லை. ஆனால் உண்மைதான். 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் குத்தகைக்கு எடுத்த இந்தக் காட்டில், 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது குறும்பாதை ரயில் ஆனது. தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் போடிப் பக்கம் இறங்கியது. 1924 ஜூலை வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் போடவில்லை.

"எங்கள் ரயிலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்" என்றேன், விட்டுக்கொடுக்காமல். "ஒங்களுக்குக் கடலு கெடக்கு, வரும். மலையுச்சில வெள்ளம் வந்துச்சே, எது பெருசு?" குரல்கள் உயர்ந்தன. "ரெண்டு பேரு ரயிலும் போச்சு, சோத்தத் தின்னுங்க" என்று அக்காதான் முடித்து வைத்தார்.

பெட்டிமுடி என்ற பேச்சு வந்தபோது இருவரும் அடங்கினோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. அதில் யாரும் போட்டிபோடவில்லை.

மழை விட்டதும் நடந்தேன். எங்கு பார்த்தாலும் தேயிலை, இடையிடையே யூகலிப்டஸ். எங்கள் ஊர்ப் பக்கம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. நாங்கள் பவளப்பாறையை வெட்டி விற்ற வினை. இங்கே முங்குவது புல்வெளி. ஒட்டியிருக்கும் பழனி மலையில் மட்டும், தைல மரமும் சீகையும் விவசாயமுமாக நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. சிரிப்பான் கண்ணில் படவில்லை. எங்கோ புதருக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அக்கா சொன்னதுதான் மனசில் ஓடியது. "வேலை முடிஞ்சா வீட்டக் காலி பண்ணணும் தம்பி. கயத்தாத்துல எங்கள யாருக்குத் தெரியும்? கீழ எறங்கி எங்க போக?"

1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலைக் கம்பெனியிடமிருந்து கேரள அரசு மீட்ட நிலத்தில்தான் மூணாறை ஒட்டிய இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்கா ஆனது. 97 சதுர கிலோமீட்டர். நல்ல காரியம். அதே மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்குச் சில சென்ட் மண்ணுக்குப் பட்டா கொடுக்க இன்னும் யோசிப்பதில் நியாயமே இல்லை.