குடவோலையும் என் தம்பியும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். உளவியல் எம்.எஸ்சி. படிக்கிறாளாம். "சார், கவுன்சலிங்காலதான் ஒருத்தர் தேறினாருன்னு எப்படி சார் நிரூபிக்கிறது? ஆராய்ச்சி முறைன்னு ஒரு பேப்பர், தலை சுத்துது" என்றாள். கணக்கு வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் தம்பியை உறவுகள் மறந்திருக்க மாட்டீர்கள். இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு. காதில் குரல் கேட்கிறது என்பான். அம்மா ஒரு கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தார். நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் தேறினான். அம்மா சாமி என்றார், நான் மாத்திரை என்றேன், பெரியப்பா கிரகம் மாறிவிட்டது என்றார். யார் சொன்னது சரி? மாத்திரை தராமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க இன்னொரு தம்பி இல்லையே.

நானும் இதே தப்பை வகுப்பில் செய்திருக்கிறேன். காலாண்டில் இருபது வாங்கியவனைத் திட்டினேன், அரையாண்டில் முப்பத்தைந்து வாங்கினான். என் திட்டுதான் காரணம் என்று முப்பது வருஷம் நம்பினேன். ரொம்பக் கீழே போனவன் திட்டாவிட்டாலும் கொஞ்சம் மேலே வந்திருப்பான். (திட்டு வாங்கியவர்கள் மன்னிக்கவும்.)

மாணவி ஒரு கட்டுரை அனுப்பினாள். 2014-இல் லான்செட் இதழில் வந்தது. பார்த்தால் நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்! இங்கேயும் கோவாவிலும் சதாராவிலும் மனச்சிதைவு உள்ள 282 பேரைச் சேர்த்திருக்கிறார்கள். இங்கே நடத்தியது சென்னை ஸ்கார்ஃப். எல்லோருக்கும் வழக்கமான வைத்தியம் உண்டு. அதில் 187 பேருக்கு மட்டும், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் நோயைக் குடும்பத்துக்கு விளக்கி, மாத்திரை விடாமல் பார்த்து, வேலைக்குத் திரும்ப உதவியிருக்கிறார்கள்.

யார் எந்தப் பக்கம்? குலுக்கல்தான். ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய நம் கல்வெட்டில், குடத்திலிருந்து ஓலை எடுப்பது ஒரு சிறுவன். அவனுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. டாக்டரே பிரித்தால் தேறக்கூடியவர்களைத் தன்னையறியாமல் ஒரு பக்கம் சேர்த்துவிடுவார்.

ஒரு வருஷம் கழித்து அளந்தவர்களுக்கு, யார் எந்தக் குழு என்று தெரியாது. பொதுத்தேர்வு விடைத்தாளில் அந்தக் காலத்தில் டம்மி நம்பர் போட்டோமே, அதேதான்.

முடிவில் அதிசயம் ஒன்றும் இல்லை. நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் சராசரி வித்தியாசம் நாலுக்கும் குறைவு. 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்கள் இரண்டு பக்கமும் 51 சதவீதம்தான். அதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் எனக்கு அந்தக் கட்டுரை மேல் நம்பிக்கை வந்தது. ஆனால் நம் மாவட்டக் கிராமங்களில் மட்டும் வித்தியாசம் ஒன்பதுக்கும் மேல். வைத்திய வசதி குறைந்த இடத்தில்தான் வீடு தேடி வருகிறவரால் அதிகப் பலன் என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சாமியா மாத்திரையா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது தம்பி மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் பழையபடி ஆகவே இல்லை. இந்த ஆராய்ச்சி இங்கே தொடங்கிய 2009-இல் அவன் உயிரோடும் இல்லை.

மாணவியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்ட வேண்டும்.