காதுக்குக் கட்டுச்சோறு

எனக்குக் காது நான்கு. பிறக்கும்போதே கூட வந்தவை இரண்டு. நாற்பத்து மூன்றாவது வயதில் டாக்டர் சொல்லி விலைக்கு வாங்கியவை இரண்டு. கூட வந்தவை தீனி கேட்பதில்லை. வாங்கியவை அப்படியல்ல. தினம் ராத்திரி அவற்றைக் கழற்றி, ஒரு சிறு டப்பியில் படுக்கவைத்து, மின்சாரம் ஊட்டவேண்டும். மூன்று மணி நேரம் ஊட்டினால் மறுநாள் பொழுதுக்கும் கேட்கும். ஊட்டாவிட்டால் உலகம் பஞ்சுமூட்டைக்குள் போய்விடும்.

வீட்டில் இருக்கிறவரை இதில் ஒரு சிரமமும் இல்லை. கொட்டாரத்தில் கரண்டு உண்டு. போனாலும் திரும்பி வந்துவிடும். 2017-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோதுதான் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் எங்கள் ஜில்லா இருட்டில் கிடந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடை ஒன்றில் போனுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். வாசலில் வரிசை நின்றது. அன்று எனக்கு இந்தக் கருவி இல்லை. இருந்திருந்தால் நானும் காதைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பேன்.

இப்படிப்பட்டவன் 2024-ஆம் வருஷம் பிப்ரவரியில் அகஸ்தியர்கூடத்துக்குப் புறப்பட்டேன். யோசனை என் அக்காள் மகனுடையது. அவனுக்கு வயது இருபத்தாறு, பாலிடெக்னிக் படித்தவன்.

அகஸ்தியர்கூடம் பொதிகையின் சிகரம். 1868 மீட்டர் உயரம். தாமிரபரணி பிறக்கிற மலை. கேரள வனத்துறை வருஷத்தில் சில வாரங்கள் மட்டும், தினம் இத்தனை பேர் என்று கணக்குவைத்து அனுமதிக்கிறது. திருவனந்தபுரம் போய், விதுரை வழியாகப் போணக்காட்டுக்குச் சென்று, அங்கிருந்து நடை. முதல் நாள் காட்டாறுகளைக் கடந்து அதிருமலை முகாம். மறுநாள் சிகரம் ஏறி இறங்கி மறுபடியும் அதே முகாம். மூன்றாம் நாள் ஊர் திரும்பல். ஆக இரண்டு இரவு காட்டில். போணக்காட்டைத் தாண்டினால் மின்கம்பி கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்காதவனுக்கு ஆனைக்காட்டுல என்ன சோலி மக்களே?" என்றாள்.

நியாயமான கேள்வி. யானைக் காட்டில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பத்தடிக்கு அப்பால் ஈற்றைப் புதர். அதற்குள் நிற்கிற யானையைக் கண்ணால் பார்க்க முடியாது. கிளை முறிகிற சத்தம்தான் தந்தி. மற்றவர்களுக்குச் சார்ஜ் தீர்ந்தால் படம் பிடிக்க முடியாது. எனக்குத் தீர்ந்தால் கதை வேறு.

"சிக்கனமாக ஒற்றைக் காதைப் போட்டுக்கொண்டு, மற்றதற்கு ஓய்வு கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன். மருமகன் பதில் சொல்லாமல் என்னைத் தென்னந்தோப்புக்கு அழைத்துப் போனான். வலது காதில் மட்டும் கருவி. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவன் பின்னால் நின்று இடமும் வலமுமாகக் கை தட்டினான். தட்டியது எல்லாம் கேட்டது. எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. எல்லாம் வலப்பக்கமாகவே இருந்தது. சத்தம் எந்தக் காதில் முந்தி விழுகிறது, எதில் பலமாக விழுகிறது என்று ஒப்பிட்டுத்தான் மூளை திசையை அறிகிறதாம்.

"யானை இருக்குன்னு தெரிஞ்சு, எங்க இருக்குன்னு தெரியலேன்னா, தெரியாமலே இருக்கது நல்லதுல்லா மாமா?" என்றான்.

காட்டில் இரண்டு காதும் வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

கட்டுச்சோற்றுக்கு வருகிறேன். கைக்கு அடக்கமான ஒரு பவர் பேங்க்; எடை 200 கிராம் சொச்சம். மேலே 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாகப் போட்டிருந்தது. என் போனின் பாட்டரி 5,000. ஆகவே இரண்டு தரம் நிரப்பலாம் என்று நான் கணக்குப் போட்டேன். நான் படித்த பௌதிகம் பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. மருமகன் சிரித்தான். அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் பாட்டரியின் 3.7 வோல்ட்டுக்குச் சொன்ன கணக்காம்; வெளியே வரும்போது 5 வோல்ட்டாக உயர்த்தவேண்டும்; உயர்த்துகிறபோதும் ஏற்றுகிறபோதும் கொஞ்சம் சூடாக வீணாகும். ஒரு போனை ஒரு தரம் முழுசாகவும் மறு தரம் அரைகுறையாகவும் நிரப்பலாம், அவ்வளவுதான். பால்காரர் கணக்கு மாதிரி. காதுக் கருவிக்கோ போனுக்கு ஒரு குடம் என்றால் ஒரு பாலாடை போதும். ஆகவே கவலையில்லை என்று தோன்றியது.

கவலை அங்கேதான் ஆரம்பம். ஒத்திகை பார்க்கவேண்டும் என்று மருமகன் பிடிவாதம் பிடித்து, ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் பவர் பேங்கில் டப்பியைச் செருகிவைத்தான். காலையில் பார்த்தால் காதுகள் அரைப் பட்டினி. காரணம் வேடிக்கையானது. தன்னிடமிருந்து மிகக் கொஞ்சமாக மின்சாரம் இழுக்கப்பட்டால், "யாரும் இல்லை போலிருக்கிறது" என்று எண்ணிப் பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடும். பெரிய பசிக்காரன் வந்தால்தான் பந்தி நடக்கும். பாலாடைப் பசிக்கு இலை போடமாட்டார்கள். சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் சிறு பசியையும் கவனிக்குமாம். எங்களுடையதில் அந்தத் தாட்சண்யம் இல்லை. கடைசியில் பக்கத்துத் துவாரத்தில் ஒரு போனையும் செருகினோம். போன் சாப்பிடுகிற சாக்கில் காதும் சாப்பிட்டுவிட்டது. போன் வயிறு நிரம்பி எழுந்துவிட்டால் பந்தி கலைந்துவிடும். அதனால் தன் போனை ராத்திரிக்குள் நன்றாகப் பட்டினி போட்டுவைப்பது என்று மருமகன் ஏற்றுக்கொண்டான். பார்த்த மரத்தையெல்லாம் படம் பிடித்து அதை நிறைவேற்றினான்.

என் போனை வேறு மாதிரி நடத்தினோம். காட்டுக்குள் கோபுரம் கிடையாது. கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடியே போன் தன் பாட்டரியைத் தீர்த்துக்கொள்ளும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் சும்மா இருந்து மிச்சம் பிடிக்கும்.

வெயில் பலகை ஒன்று கொண்டுபோகும்படி நண்பர் ஒருவர் சொன்னார். எங்கள் மொட்டைமாடியில் விரித்தபோது பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் பொதிகைச் சரிவின் மழைக்காட்டுக்குள் வெயில் காசளவு காசளவாகத்தான் தரையில் விழும். முதுகில் பலகையைக் கட்டிக்கொண்டு அதில் நடக்கிறவன் சுமைதான் தூக்குகிறான். விட்டுவிட்டோம்.

சின்ன வயதில் டார்ச் மங்கினால் செல்களைக் கழற்றி ஓட்டின்மேல் காயவைப்போம். வெயிலில் சூடேறியதும் கொஞ்ச நேரம் எரியும். சூட்டில் உள்ளே இருக்கிற ரசாயனம் சுறுசுறுப்பாகும், குளிரில் சோம்பும். இமயமலைக்குப் போகிறவர்கள் பாட்டரியைத் தூக்கப் பைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு படுப்பது இதனால்தான். 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் பாட்டரிக்கும், அதற்காக 2019-இல் நோபல் பரிசு வாங்கிய மூன்று பேருடைய மேதைமைக்கும் மேலாக, கடைசியில் மனுஷ உடம்பின் சூடு தேவைப்படுகிறது. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

நாங்கள் பஸ் ஏறிய அன்று முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஜில்லாவிலிருந்து, மடியில் கால் கிலோ மின்சாரம் முடிந்துகொண்டு இரண்டு பேர் காட்டுக்குப் போனோம்.

பகலைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கரமனையாறு, அட்டையாறு என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். காணிக்காரர் ஒருவர் வழிகாட்டியாக முன்னால் நடந்தார். அவரிடம் இருந்தது ஒரு வெட்டுக்கத்தியும், செல் போட்ட டார்ச்சும்.

விஷயம் ராத்திரியில் இருக்கிறது. டப்பியில் வைத்தால் காது போய்விடும். காதில் வைத்தால் சார்ஜ் ஏறாது. சார்ஜ் ஏறுகிற நேரமெல்லாம் நான் செவிடு. வீட்டில் இது உறக்கம்; அதிருமலையில் அப்படியில்லை. வரிசையாகப் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் காடு கேட்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

மருமகன் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து ஒரு நாடா கொண்டுவந்திருந்தான். ஒரு முனை என் மணிக்கட்டில். மறு முனை அவன் மணிக்கட்டில். ஒரு தரம் இழுத்தால் ஒன்றுமில்லை, புரண்டு படுத்தேன் என்று அர்த்தம். இரண்டு தரம் இழுத்தால் காதை மாட்டு. இருபத்தாறு வயதுப் பையன் ராத்திரி பூராவும் கையை அசைக்காமல் படுத்திருந்தான் என்பது எனக்கு முதல் நாள் தெரியாது.

இரண்டாம் நாள் சிகரத்தில் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். அந்தக் காற்றில் ஒலிவாங்கி வெறும் இரைச்சலைத்தான் காதுக்குள் கொட்டும். அகஸ்தியர் சிலையை மௌனமாகவே தரிசித்தேன்.

அன்று ராத்திரி நாடா இரண்டு தரம் இழுபட்டது. டப்பியைத் திறந்து மாட்டினேன். பாதிதான் ஏறியிருந்தது. இருட்டில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. முதலில் என் மூச்சு கேட்டது. பிறகு இடப்பக்கம், சரிவுக்குக் கீழே, ஈற்றை முறிகிற சத்தம். அவசரமில்லாமல், ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. இடப்பக்கம் என்று எனக்கே தெரிந்தது. கால் மணி நேரத்துக்குப் பிறகு அது தள்ளித் தள்ளிப் போய் நின்றுவிட்டது.

"போயாச்சு மாமா. கழத்தி வையுங்க, சார்ஜ் ஏறட்டும்" என்றான்.

நான் கழற்றவில்லை. தூறல், தவளை, தூரத்தில் ஓடுகிற தண்ணீர், யாரோ ஒருவருடைய குறட்டை, எல்லாவற்றையும் விடிகிறமட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எத்தனையோ வருஷமாக ராத்திரி என்பது எனக்குச் சத்தமில்லாத ஒன்றாகப் போயிருந்தது.

மூன்றாம் நாள் இறங்கும்போது, காட்டைத் தாண்டுவதற்கு இன்னும் வெகு தூரம் இருக்கையில், காதுக்குள் கருவி இரண்டு தடவை மணியடித்து ஓய்ந்தது. பவர் பேங்கில் இன்னும் ஒரு விளக்கு எரிந்தது. உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று மருமகன் சைகையில் சொன்னான். அவன் காணிக்காரரிடம் ஏதோ பேசுவது தெரிந்தது. அவர் என் காதைப் பார்த்தார்; வானத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை முன்னால் போகவிட்டு, எனக்கு இரண்டடி முன்னால் வந்து நடக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் நின்று, திரும்பி என்னைப் பார்த்து, எந்தப் பக்கம் என்று கையால் காட்டினார்.