சனம் கூடினதாலா வீட்டு விலை ஏறினது?

ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் கொண்டாட்டத்துக்குப் போனாலும், சாப்பாட்டுக் கோப்பையோடு கூடி நிற்கும் ஆம்பிளைகளின் கதை கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான். வீட்டு விலை. யாராவது ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

"உந்த ஸ்ருடன்ற் விசாவில வந்த பெடியளாலதான் எல்லாம் நாசமாப் போச்சு. ஒரு பேஸ்மென்றுக்குள்ள பத்துப் பேர் இருக்கிறாங்கள்."

சொல்பவர் யார் என்று பார்த்தால், தொண்ணூறுகளில் அகதியாக வந்து, ஒற்றை அறை அப்பாட்மென்றில் எட்டுப் பேரோடு பாய் விரித்து நித்திரை கொண்டவராக இருப்பார். (நானும் 1991இல் அப்படித்தான் படுத்தேன்.)

எனக்கு இந்தக் கதை வெறும் பொழுதுபோக்கு அல்ல. வீட்டில் 29 வயதில் மகன் இருக்கிறான். நல்ல வேலை, நல்ல சம்பளம். கலியாணப் பேச்சை எடுத்தால், "எங்க போய் இருக்கிறது அப்பா?" என்று கேட்கிறான். தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி நானும் மனைவியும் 2001இல் ஸ்காபரோவில் வாங்கிய வீட்டை, இன்று இரண்டு பட்டதாரிகள் சேர்ந்து உழைத்தாலும் வாங்க முடியாது. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு வீட்டின் சராசரி விலை ஏறத்தாழ 2 இலட்சத்து 43 ஆயிரம் டொலர். 2022 பெப்ரவரியில் அது 13 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு வட்டி ஏறியதால் விலை இறங்கியது. இறங்கியும் 10 இலட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. எங்கள் சம்பளம் நாலு மடங்கு ஏறியதா என்ன?

முதலில் அந்தத் தீர்ப்பில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். 2023இல் கனடாவின் சனத்தொகை ஒரே வருடத்தில் 12 இலட்சத்துக்கு மேல் கூடியது. 1957க்குப் பிறகு இந்த வேகத்தில் கூடியதில்லை. அதே 2023இல் நாடு முழுவதும் கட்டத் தொடங்கிய வீடுகள் சுமார் 2 இலட்சத்து 40 ஆயிரம். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு ஒரு வீடு! இங்கே ஒரு வீட்டில் இருப்பவர்கள் சராசரியாக இரண்டரைப் பேர்கூட இல்லை. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அக்டோபரில் குடிவரவு எண்ணிக்கையையும் குறைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் இருந்து, புதிதாக வாடகைக்கு விடும் வீடுகளின் வாடகை முந்திய வருடத்தைவிடக் குறையத் தொடங்கியது. ஆகவே சனத்துக்கும் வாடகைக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அது பாதிக் கதை. மற்றப் பாதிக்கு நாங்கள் வந்த காலத்துக்குப் போகவேண்டும்.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் கனடா வருடத்துக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் குடிவரவாளரை எடுத்தது. தமிழர்களும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினோம். அப்போது ரொறன்ரோவில் வீட்டு விலை என்ன செய்தது? இறங்கியது. 1989இல் 2 இலட்சத்து 73 ஆயிரமாக இருந்த சராசரி, 1996இல் 2 இலட்சத்துக்கும் கீழே போனது. எண்பதுகளின் கடைசியில் ஊதிப் பெருத்த விலை வட்டி உயர்வாலும் பொருளாதார மந்தத்தாலும் உடைந்தது. சனம் வந்தால் விலை ஏறியே தீரும் என்பது விதியென்றால், எங்கள் காலத்தில் அது ஏன் வேலை செய்யவில்லை?

இன்னொன்றும் உண்டு. எங்களில் பலர் முதலில் போய் ஒதுங்கியது சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில். அவை எங்களுக்காகக் கட்டியவை அல்ல. அறுபதுகளில், நகரத்தில் வேலை செய்யும் இளம் ஆக்களுக்கென்று கட்டியவை. 1976இல் கனடாவின் சனத்தொகை சுமார் 2 கோடி 30 இலட்சம். அந்த வருடம் 2 இலட்சத்து 73 ஆயிரம் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 2023இல் சனத்தொகை 4 கோடி, வீடுகள் அதைவிடக் குறைவு! யாரோ முன்கூட்டிக் கட்டி வைத்த கூரைக்குள்தான் நாங்கள் நுழைந்தோம்.

நாங்கள் நுழைந்த பிறகு கதவைச் சாத்தினார்கள். 1993இல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குக் காசு கொடுப்பதை நிறுத்தியது. 1995இல் பதவிக்கு வந்த ஒன்ராறியோ அரசு, ஏற்கெனவே ஒப்புதல் பெற்றிருந்த ஆயிரக்கணக்கான கூட்டுறவு வீடுகளையும் சேர்த்து இரத்துச் செய்தது. அந்த வருடம் நாடு முழுவதும் கட்டத் தொடங்கியது 1 இலட்சத்து 11 ஆயிரம் வீடுகள்தான். வாடகைக்கென்றே மாடிக் கட்டடம் கட்டுவது அருகிப்போய், விற்பதற்கான கொண்டோக்கள் முளைத்தன. ரொறன்ரோவின் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் தனிவீடோ ஒட்டுவீடோ தவிர வேறொன்றும் கட்டக்கூடாது என்ற சட்டம் 2023 மே வரை இருந்தது. அந்த மாதம்தான் நாலு குடித்தன வீடுகளை நகரசபை எங்கும் அனுமதித்தது.

விசா ஒரு சில மாதத்தில் அச்சடிக்கலாம். மாடிக் கட்டடம் எழும்ப வருடக்கணக்காகும். விசா கொடுப்பது ஒட்டாவா, கட்ட அனுமதிப்பது நகரசபை. கல்லூரிகளை நடத்துவதோ மாகாணம். 2019இல் ஒன்ராறியோ உள்ளூர் மாணவரின் கட்டணத்தை 10 வீதம் குறைத்து அதிலேயே நிறுத்தி வைத்தது. அந்த ஓட்டையை அடைக்கக் கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளை அள்ளின. காசை வாங்கியவர்கள், அந்தப் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. எய்தவன் இருக்க அம்பை ஏன் நோகவேண்டும்?

எய்தவர்களில் நாங்களும் இருக்கிறோம் என்பதுதான் கசப்பான விசயம். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்து நாலு குடித்தனம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அதை மறிக்கக் கையெழுத்து வாங்க வந்தவர்களில் எங்கள் ஆக்களும் இருந்தார்கள்.

"தம்பி, கார் விட இடமிருக்காது. எங்கட வீட்டு விலையும் விழுந்திடும்" என்றார் ஒருவர்.

"அண்ணை, மகள் இப்ப எங்க இருக்கிறா?" என்று கேட்டேன்.

"எங்களோடதான். வாங்க ஏலாமல் கிடக்குதே..."

நான் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு என்னில் கோபம்.

மகளால் வீடு வாங்க முடியவேண்டும், தன் வீட்டு விலையும் விழக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது. சனம் வருவதைக் குறைத்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். இப்போது குறைத்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் விலை விழுந்ததும் கட்டுகிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒன்ராறியோவில் 2024இலும் 2025இலும் புதிய கட்டுமானம் குறைந்துபோனது. இன்று கட்டாத வீடு இன்னும் ஐந்து வருடத்தில் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இல்லாமல் போகப்போகும் வீடு. அந்த நேரம் குற்றம் சொல்ல எந்த நாட்டுப் பெடியளைத் தேடுவோமோ தெரியாது.