பாட்டுப் பொட்டியும் ரெண்டு அலைவரிசையும்

மக்களே, புது ரவுட்டர் மாட்டின அன்னிக்கே வீட்ல இருக்குற பாட்டுப் பொட்டி ஊமையாயிடுச்சுன்னா, உடனே அத எடைக்குப் போட்டுடாதீங்க. பொட்டி மேல தப்பே இல்லாம இருக்கலாம். மேட்டர் அலைவரிசைல இருக்கும்.

வீட்டு வை-ஃபைக்கு வழக்கமா ரெண்டு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். (புதுசா 6-ம் வந்திருக்கு, அத இப்ப விடுங்க.) 5-ல வேகம் ஜாஸ்தி, ஆனா ரெண்டு சுவர் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கும். 2.4 மெதுவு, ஆனா அடுப்படி வரைக்கும் போகும். ரவுட்டர் பேருக்குப் பின்னாடி "5ஜி"ன்னு வர்றது இந்த 5 கிகாஹெர்ட்ஸதான். மொபைல் 5ஜிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எங்கப்பாவோட பொட்டி, 2016-ல வந்த ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி. ஸ்பீக்கரோட சேர்த்து நான்தான் மாட்டிக் குடுத்தேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு டிவி ஒத்துக்கல, நாள் பூரா பாட்டுதான். அதுல இருக்குற சிப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 2018-ல வந்த 3 பி ப்ளஸ்லதான் 5-ஐயும் சேர்த்தாங்க. அப்டேட் போட்டெல்லாம் இத மாத்த முடியாது, உள்ள அந்த ரேடியோவே இல்லியே! ரவுட்டர் மாட்ட வந்தவர் "வேகமா இருக்கும் சார்"னு 5-ஐ மட்டும் ஆன் பண்ணிட்டு, பொட்டி பழசு, மாத்திக்கங்கன்னு அட்வைஸும் குடுத்துட்டுப் போயிட்டார். அப்பா எனக்கு போன் பண்ணி, "நேத்து வரைக்கும் பாடுச்சேப்பா"ன்னார்.

பாட்டுக்கு அப்படி எவ்ளோ வேகம் வேணும்? நல்ல தரமான எம்பி3-க்கு நொடிக்கு 320 கிலோபிட் போதும். சிடி தரத்துல சுருக்காம அனுப்பினாக்கூட 1411 கிலோபிட்தான். ஒன்றரை மெகாபிட்கூட இல்ல. 2.4-க்கு இதெல்லாம் ஜுஜுபி.

செய்ய வேண்டியது இவ்ளோதான். ரவுட்டர் செட்டிங்ஸ்ல 2.4-ஐ ஆன் பண்ணுங்க. பழைய ரவுட்டரோட பேரையும் பாஸ்வேர்டையும் அதுக்கு அப்படியே குடுங்க, பொட்டி தானா வந்து ஒட்டிக்கும். செக்யூரிட்டில டபிள்யூபிஏ3 மட்டும்னு வெச்சா பழைய பொட்டி முழிக்கலாம், டபிள்யூபிஏ2-வும் இருக்கட்டும். சேனல் 1, 6, 11-ல ஒண்ணு போடுங்க. 12, 13 வேணாம், அமெரிக்காவுக்குன்னு செஞ்ச பொட்டிகளுக்கு 11-க்கு மேல எண்ணத் தெரியாது :-)

போன் 5-லயும் பொட்டி 2.4-லயும் இருந்தா பேசிக்குமான்னு கேப்பீங்க. பேசிக்கும், நடுவுல ரவுட்டர் ஒண்ணுதானே. ஆனா ஒண்ண மட்டும் கெஸ்ட் நெட்வொர்க்ல விட்டுட்டா பொதுவா ஒண்ணுக்கொண்ணு கண்ணுல படாது.

அப்பாவ போன்லயே வெச்சுக்கிட்டு இத்தனையும் பண்ணி முடிச்சோம். பைசா செலவில்ல. நம்ம தொழில்ல "பழசு, சப்போர்ட் இல்ல"ன்னு சொல்லித் தப்பிக்கறது ரொம்ப ஈசி. நாமளும் ஆபீஸ்ல தினம் சொல்றதுதான். ஆனா அத நம்பித் தூக்கிப் போடறவங்க பெரும்பாலும் நம்ம அப்பா அம்மா வயசுக்காரங்க.

டிஸ்கி: ரவுட்டர்ல 2.4-ஐ அணைச்சுட்டா பாட்டுப் பொட்டி மட்டுமில்ல, 2.4 மட்டுமே தெரிஞ்ச ஸ்மார்ட் பல்பும் சேர்ந்து படுத்துக்கும். ஜாக்கிரதை!