பெரியம்மாவின் ஆல்ட்டோவுக்கு ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச்

கார் ஸ்டார்ட் ஆகலைன்னா எல்லாரும் முதல்ல திட்டுறது பேட்டரியைத்தான். பத்தமடையில எங்க பெரியம்மா வீட்டு ஆல்ட்டோ மூணு வருஷத்துல ரெண்டு பேட்டரியைத் தின்னுச்சு. (பத்தமடைன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் பாய் கேக்குறாங்க. இது பாய் பத்தின கட்டுரை இல்ல.) பெரியப்பா மஸ்கட்ல. வீட்ல கார் ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆள் பெரியம்மா. அவங்களும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான், தாத்தாவை திருநெல்வேலிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக எடுப்பாங்க. போன ஐப்பசியில ஒரு ராத்திரி தாத்தாவுக்கு மூச்சு இழுத்தப்போ சாவியைத் திருப்பினா 'டிக் டிக்'னு சத்தம் மட்டும் வந்துச்சு. பக்கத்து வீட்ல ஆட்டோ இருந்ததால சேரன்மகாதேவிக்குப் போய்ச் சேர்ந்தாங்க. தாத்தா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா பெரியம்மாவுக்கு அந்தக் கார் மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு.

லீவுல போனப்போ மல்டிமீட்டரை எடுத்துட்டுப் போனேன். நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல வச்சு, கதவெல்லாம் சாத்திட்டு இருபது நிமிஷம் காத்திருக்கணும். உள்ள இருக்குற கம்ப்யூட்டர் தூங்குற வரைக்கும் ரீடிங் பொய் சொல்லும். கடைசியா நின்னது 80 மில்லி ஆம்பியர். ஸ்டீரியோ ஃப்யூஸைப் பிடுங்கினா 20. பின்னாடி ஒரு கடையில மாட்டின ஸ்டீரியோ, கார் பூட்டியிருந்தாலும் கரண்ட் குடிச்சுட்டே இருந்திருக்கு.

80 மில்லி ஆம்பியர்னா கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டா 1.9 ஆம்பியர்-அவர். பேட்டரியே 35தான். ஒன்பது நாள்ல பாதி காலி. பழைய பேட்டரி பாதிக்குக் கீழ போச்சுன்னா ஸ்டார்டர் சுத்துறது சந்தேகம். அப்படியே விட்டா உள்ள தகடுல லெட் சல்ஃபேட் இறுகிப்போய், அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. நம்ம ஊர் வெயில்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஸ்டீரியோவையே கழட்டிடலாமேன்னு நீங்க கேப்பீங்க. நானும் அதைத்தான் சொன்னேன். "பாட்டு இல்லாம நான் ஓட்ட மாட்டேன் ஏட்டி"ன்னுட்டாங்க. சரி, கட்-ஆஃப் ஸ்விட்ச்.

கடையில ரெண்டு வகை கிடைக்கும். சிவப்புச் சாவியோட தனியா மாட்டுறது ஒண்ணு, பேட்டரி போஸ்ட் மேலயே உக்கார்ற திருகு வகை ஒண்ணு. சிவப்புச் சாவியை டிரைவர் சீட் பக்கத்துல வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனா ஸ்டார்ட் பண்றப்போ அந்தக் கேபிள்ல நூறு ஆம்பியருக்கு மேல ஓடும். 150 ஆம்பியர்ல ஒரு மில்லி ஓம் கூடினாலே 0.15 வோல்ட் போச்சு. கேபிளை உள்ள வரைக்கும் நீட்டி, ஃபயர்வால்ல ஓட்டை போட்டு... வேண்டாம். திருகு வகையே வாங்கினேன். நம்ம ஊர் சின்ன கார்கள் பலதுல பேட்டரி போஸ்ட் மெல்லிசு. தடிச்ச போஸ்டுக்கான ஸ்விட்சை வாங்கினா லொடலொடன்னு ஆடும், சூடாகும். அளந்துட்டுப் போங்க.

மாட்டுற வேலை இருபது நிமிஷம்தான். மாட்ட வேண்டியது நெகட்டிவ்ல. யோசிச்சது முழுக்க பெரியம்மா கையைப் பத்தி. ரெண்டு கையிலயும் தங்க வளையல். பாசிட்டிவ் போஸ்டையும் கார் பாடியையும் ஒரு வளையல் ஒரே நேரத்துல தொட்டா நூத்துக்கணக்கான ஆம்பியர் அதுல பாயும், கையோட சேர்ந்து பழுத்துரும். அதனால பாசிட்டிவுக்கு முழு ரப்பர் மூடி போட்டேன். ஸ்விட்ச் பானெட்ல இடிக்குதான்னு பாக்க அது மேல சப்பாத்தி மாவு உருண்டை ஒண்ணை வச்சு மூடித் திறந்தேன். மாவு ஒரு விரல் தடிமனுக்கு நின்னுச்சு. போதும். அப்புறம் அவங்க ஸ்டார்ட் பண்றப்போ ஸ்விட்சோட ரெண்டு பக்கமும் மீட்டர் வச்சுப் பாத்தேன். 0.08 வோல்ட். 0.2-க்கு மேல காட்டியிருந்தா திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நம்ம பாஜா டீம் பசங்களுக்குத் தெரியும், அந்த வண்டியில கில் ஸ்விட்ச் ரெண்டு: டிரைவர் கைக்கு ஒண்ணு, வெளிய நிக்கிற ஆளுக்கு ஒண்ணு. ராலி கார்ல வெளிப்பக்கம் நீல முக்கோணத்துக்குள்ள சிவப்பு மின்னல் ஸ்டிக்கர் இருக்குறதும் இதுக்குத்தான். வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளும் ஓடி வந்து அணைக்கணும். என் டிசைன் புராஜெக்ட்ல 'யூசர்'னு எழுதுறப்போ எனக்கு முகமே தோணாது. இங்க யூசர் பானெட்டைத் தூக்கிப் பிடிச்சுட்டு, "எந்தப் பக்கம் ஏட்டி?"ன்னு கேட்டுட்டு நின்னாங்க. நெயில் பாலிஷ்ல 'ஆன்' பக்கம் ஒரு கோடு போட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18 மழையில தாமிரபரணி ஏறி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்குனது ஞாபகம் இருக்கும். பேட்டரி இணைப்போட கார் தண்ணியில நின்னா நனைஞ்ச கனெக்டர் வழியா கரண்ட் கசிஞ்சுட்டே இருக்கும். செம்பு பச்சையாகி அரிச்சுப்போகும். தண்ணி வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு திருகு திருகினா அந்தச் செலவாவது மிச்சம்.

தொல்லையும் இருக்கு. கடிகாரம் அழிஞ்சிடும், ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் பூட்டணும். முதல் சில நிமிஷம் ஐடிலிங் கொஞ்சம் தடுமாறலாம். இஞ்சின் ஓடும்போது மட்டும் திருகவே கூடாது. ஆல்டர்னேட்டர்ல இருந்து வோல்டேஜ் எகிறி எலக்ட்ரானிக்ஸைப் பொசுக்கிடும். இதை மட்டும் பெரியம்மாவை மூணு தடவை திருப்பிச் சொல்ல வச்சேன்.

இருபத்தி மூணு நாள் கழிச்சு போன் பண்ணாங்க. ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுச்சாம். பெரியப்பா மட்டும் மஸ்கட்ல இருந்து, இதையே மொபைல் ஆப்ல ஆன்-ஆஃப் பண்ற மாதிரி ஒண்ணு இருக்காமே, அனுப்பவான்னு கேட்டிருக்காங்க. பெரியம்மா பதில்: "அவ்வளவு ஆசையா இருந்தா அவியளே வந்து திருகட்டும்."