இது என் கை

அம்மா கண்டுபிடித்த கூடையை ஈரோட்டில் வேறொரு பெண் 150 ரூபாய் குறைவாக விற்பதை ஒரு ராத்திரி இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். மெரூன் ஒயரில் மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக ஏறும் கோபுரக் கரை. அது சரியாக வருவதற்கு அம்மா இரண்டு வாரம் போட்டுப் போட்டுப் பிரித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகுதான் தெருக்காரர்கள் அம்மாவிடம் ஒயர் கூடை கேட்க ஆரம்பித்தார்கள். (ஒயரும் பிளாஸ்டிக்தான். அதை விடுங்கள்.) இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கியதும் போட்டோ எடுத்ததும் நான். ஒரு கூடைக்கு மூன்று நாள் ஆகும். கூலிக் கணக்குப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆனால் அப்பா போன பிறகு சிலிண்டர் காசுக்கு அம்மா என்னிடம் கை நீட்டியதில்லை.

எனக்குக் கோபம் வந்தால் ஆவணம் படிப்பேன், என்ஜினியர் புத்தி. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் பத்து வருடப் பாதுகாப்பு, மேலே ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே வெளியிட்டுவிட்ட வடிவத்தைப் பதிய முடியாது. அதாவது, நான் பெருமையாகப் போட்டோ போட்ட அன்றே அந்த வழி அடைபட்டுவிட்டது.

இருந்தும் அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘திருட்டு’ என்றே எழுதினேன். உடனே பதில் வந்தது: “உங்கம்மா வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டனுங்கண்ணா. தப்புன்னா சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.”

காலையில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “கைப்பிடி முறுக்கு என்னோடதவிட நல்லா வந்திருக்கு.”

“கோவமே வரலையாம்மா?”

கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சிவன் கண் கூடை ஒன்று இருந்ததாம். அந்த அக்கா கற்றுத்தர மாட்டார். சந்தைக்குப் போகணும் என்று அம்மா அதை இரவல் வாங்கி, ராத்திரி விளிம்பில் செருகியிருந்த நுனிகளை உருவி, இரண்டு வரிசை பிரித்துப் பார்த்து, விடிவதற்குள் திரும்பப் போட்டுவிட்டார். “ஒரு முடிச்சு மாறிப்போச்சு. அந்தக்கா பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல.”

கோபுரக் கரையே அம்மாவின் கல்யாணப் புடவையிலிருந்து வந்ததுதான். அதை எந்த நெசவாளர் முதலில் போட்டார் என்று யாரைக் கேட்பது? நானும் ஆபீஸில் யாரோ எழுதிய கோடைத்தான் தினமும் எடுத்து ஒட்டுகிறேன். எம்ஐடி உரிமம் கேட்பதெல்லாம், எழுதியவர் பெயரிருக்கும் அந்த அறிவிப்பை அழிக்காதே என்பதைத்தான்.

அடுத்த படத்துக்குத் தள்ளிய அம்மாவின் விரல் அங்கேயே நின்றது. அது நான் எடுத்த போட்டோ. முடிச்சை இழுக்கும் கை, கட்டைவிரலில் கத்தரி வெட்டிய பழைய தழும்பு.

“இது என் கைடா.” குரல் மாறியிருந்தது. “கூடைய யாரு வேணா போடட்டும். என் கைய வச்சு எதுக்கு விக்கிறா?”

சட்டமும் தற்செயலாக இங்கே அம்மா பக்கம் நின்றது. போட்டோவுக்குப் பதிவே வேண்டாம், எடுத்த நொடியிலிருந்து பதிப்புரிமை உண்டு. என்ன, எடுத்தவன் நான் என்பதால் உரிமை எனக்கு. கைக்குச் சொந்தக்காரருக்கு அதில் இடமில்லை.

திரும்ப மெசேஜ் அனுப்பினேன், இந்த முறை மரியாதையாக. படத்தை எடுத்துவிட்டார். இரண்டு நாளில் தன் கையையே போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். சின்னக் கை, நகத்தில் பாதி அழிந்த மருதாணி. விலை அதே 150 ரூபாய் குறைவுதான்.

அம்மா அதையும் பெரிதாக்கிப் பார்த்தார். “மூலைல இழுத்துப் பிடிக்கல. கனம் வச்சா சாஞ்சிரும். சொல்லிடு அந்தப் பொண்ணுகிட்ட.”

அந்த மாதம் வந்தது நாலே ஆர்டர். சிலிண்டருக்கு அம்மா என்னிடம் கேட்டார். மூலை விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.